ஒரு மூடி ஸ்பிரிட்

"அண்ணே, ஒரு மூடி ஸ்பிரிட் ஊத்துங்க."

இதை மட்டும் கேட்காதே என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். இடத்தைச் சொல்லி, முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்கள். நான் கேட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கதை கட்டி உங்களைப் பயமுறுத்தி எனக்கு ஆகப்போவது எதுவுமில்லை. சொல்லப்போனால் இதில் நான் நல்லவளாக வரும் இடம் ஒன்றுகூடக் கிடையாது. பொய் சொல்கிறவள் தன்னை இப்படியா காட்டிக்கொள்வாள்? நம்பாதவர்கள் இங்கேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

இன்னொன்று. இது நடுச்சாமத்தில் நடக்கவில்லை. ஆந்தை அலறவில்லை. சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயில்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

என் பெயர் ஷெல்பி ராட்லிஃப். வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், நிலக்கரி தீர்ந்துபோன ஒரு பள்ளத்தாக்கில் பிறந்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவினாள். நான் அதே கூடத்தில் இலவசச் சாப்பாட்டு வரிசையில் நின்றேன். அந்த வரிசைக்கு வேறு நிறத்தில் டிக்கெட். அதை உள்ளங்கைக்குள் எப்படி மடித்து மறைப்பது என்று ஆறு வயதிலேயே எனக்குத் தெரியும். பட்டம் வாங்கிய அன்று ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் எவரிடமும் கை நீட்டுவதில்லை.

அந்த வைராக்கியத்தோடுதான் மலைப்பாதைக்கு வந்தேன். ஜார்ஜியாவில் தொடங்கி வடக்கே மாதக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும் பாதை. முதுகில் உள்ளதுதான் வீடு. ராத்தங்கலுக்கு அங்கங்கே மூன்று பக்கம் மட்டும் சுவர் வைத்த மரக் கொட்டகைகள். யாரிடமும் ஒன்றும் வாங்காமல் கடைசிவரை நடந்து முடிக்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

இங்கே யாரும் சொந்தப் பெயரில் நடப்பதில்லை. கூட நடப்பவர்கள் ஒரு பெயர் வைப்பார்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதுதான் பெயர். எனக்கு வைத்தவன் ப்ரெண்டன்; தன் சொந்தப் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்காதவன். அப்பா வக்கீல், தாத்தா வக்கீல், கையில் விலை உயர்ந்த வாயு அடுப்பு. அவன் என் அடுப்பைப் பார்த்தான்.

பூனைத் தீவனம் வரும் சின்னத் தகர டப்பா. விளிம்புக்குக் கீழே, காகிதத்தில் ஓட்டை போடும் கருவியால் சுற்றிலும் இரண்டு வரிசைத் துளைகள். அவ்வளவுதான் அடுப்பு. ஒரு மூடி ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, டப்பா சூடேறியதும் மேலே பாத்திரத்தை வைத்தால் ஒரு குவளைத் தண்ணீர் கொதித்துவிடும். நானே செய்தது. செலவு கிடையாது. பையில் வைத்தால் இருப்பதே தெரியாது.

"உள்ள இருந்த பூனைச்சோற என்ன பண்ண? நீயே தின்னுட்டியா?" என்றான் ப்ரெண்டன்.

கொட்டகை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து நான் பூனைச்சோறு.

நானும் சேர்ந்து சிரித்தேன். இன்றைக்கும் வயிறு எரிவது அதை நினைத்துத்தான்.

ஸ்பிரிட் நெருப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. புகை வராது. சத்தமும் பெரிதாக இருக்காது. இருட்டில் பார்த்தால் நீலமாக நிற்கும். பகலில் பார்த்தால் வெறும் டப்பா. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினால், ஊற்றுகிற தாரையைப் பிடித்துக்கொண்டு நெருப்பு குப்பிக்குள் ஏறிவிடும். அதனால் டப்பா அடுப்புக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மறுபடி ஊற்றும் முன் காய்ந்த இலை ஒன்றை அடுப்பின் மேல் போட்டுப் பார்ப்போம். சும்மா கிடந்தால் ஊற்றலாம். சுருண்டு கருகினால் கையை எடுக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

எனக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் சொன்னேன்.

மலையடிவாரத்தில் பாதை ஒரு தார் ரோட்டைக் கடக்கும். அங்கே வெர்னாம்மாவின் விடுதி. நடப்பவர்களுக்குக் கட்டில், வெந்நீர், காலையில் குழம்பு ஊற்றிய பிஸ்கட், அதாவது மெத்தென்ற உப்பு ரொட்டி. தாழ்வாரக் கைப்பிடிமேல் டப்பா அடுப்புகள் வரிசையாக இருந்தன. பூனை டப்பா, சோடா டப்பா, மீன் டப்பா. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை வேலை.

"விலைக்கா?" என்று கேட்டேன்.

வெர்னாம்மா ஸ்பிரிட் கேனை எடுத்தாள். என் குப்பியில் ஸ்பிரிட் நிரப்பிக்கொண்டே என் அடுப்பைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இந்தா பொண்ணு. மேல அடுத்த கொட்டகையில யார்கிட்டயும் ஸ்பிரிட் கேக்காத. ஸ்பிரிட் தீந்துபோச்சுன்னா பச்சையா தின்னுட்டுப் படு. புரியுதா?"

"ஏன்?"

"ஏன்னு சொன்னா நீ சிரிப்ப. கேக்காத. அவ்வளவுதான்."

பக்கத்திலேயே ப்ரெண்டன் நின்றுகொண்டிருந்தான். அவனிடம் இதைச் சொல்லவில்லை. என் தகரத்தைப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் சொன்னாள். எனக்கு முகம் சுட்டது. பிச்சை எடுக்காதே என்கிறாள் என்றுதான் என் காதுக்குக் கேட்டது. அந்த வேறு நிற டிக்கெட் மறுபடி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"நான் யார்கிட்டயும் எதையும் கேக்கறவ இல்ல" என்றேன்.

"நல்லது. அப்படியே இரு" என்றாள்.

ப்ரெண்டன் இன்னொரு நாள் தங்கிவிட்டு வருவதாகச் சொன்னான். நான் தனியாக ஏறினேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பூராவும், மறுநாள் பாதிவரையும். அரை நாளில் ஏறிவிடும் தூரம்தான்; பாதி வழியில் ஒரு பாறைக்கடியில் ஒதுங்கிக் கிடந்தேன். ஓடை ஒன்றைத் தாண்டும்போது பாசி பிடித்த மரக்கட்டையில் கால் வழுக்கி முதுகு அடிபட விழுந்தேன். பையைத் திறந்து பார்த்தால் குப்பி விரிசல் விட்டிருந்தது. ஸ்பிரிட் மொத்தமும் பைக்குள் கொட்டிப்போயிருந்தது. நூடுல்ஸும் அரிசியும் இருந்தன. வேகவைக்க ஒரு சொட்டு இல்லை.

கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டு வெயில் வந்திருந்தது. மாலை நான்கு மணி இருக்கும். கொட்டகை மேற்குப் பார்த்தது. திறந்த பக்கம் வழியாக வெயில் உள்ளே வந்து பலகைமேல் விழுந்திருந்தது. என் பற்கள் அடித்துக்கொண்டன. விரல்கள் மடங்கவில்லை.

வெயில் விழுந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

நாற்பது வயது இருக்கும். மஞ்சள் முழுக்கைச் சட்டை. இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் கொஞ்சம் விலக்கி வைத்திருந்தார், ஈரச் சாயம் பட்டவரைப் போல. மூட்டை முடிச்சு எதுவும் இல்லை. காலடியில் ஒரு குப்பி மட்டும். நிறைய ஸ்பிரிட்.

"நான் ஆறின காபி" என்றார்.

"யாரு வச்ச பேரு?"

"கூட நடந்தவங்கதான். சூடா எதுவும் குடிக்க மாட்டேன். எனக்குச் சூடு ஆகாது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கிண்டல்காரர் முகம்.

"நான் பூனைச்சோறு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

அந்தக் குப்பியைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். ஈரச் சட்டையைப் பிழிந்தேன். பச்சை நூடுல்ஸைக் கடித்தேன். தொண்டைக்குள் இறங்கவில்லை. திரும்பி இறங்கினால் வழியில் எதிரே வரும் ப்ரெண்டனிடம் நெருப்புக் கேட்க வேண்டும். செத்தாலும் மாட்டேன். இவர் முன்பின் தெரியாதவர். நாளைக்கு முகத்தில் முழிக்கப்போவதில்லை. ஒரே ஒரு தடவை. யாருக்கும் தெரியாது.

"அண்ணே, ஒரு மூடி ஸ்பிரிட் ஊத்துங்க."

சொல்லி முடித்ததும் கூசிப்போனேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயாத்தான கேட்ட?"

"ஆமா. நாந்தான் கேட்டேன்."

"ஊத்தறேன். அதுக்கு முன்ன ஒண்ணு பாத்துச் சொல்லு. என்மேல நெருப்பு இருக்கா?"

"என்னண்ணே?"

"சட்டையில. கையில. நல்லாப் பாரு."

பார்த்தேன். மஞ்சள் சட்டை. நல்ல வெயில். நெருப்பு இல்லை. ஆனால் அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்த மரங்கள் நெளிந்தன. கோடையில் தார் ரோட்டுக்கு மேலே காற்று நெளியுமே, அப்படி.

அதையும் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

"ஒண்ணும் இல்லண்ணே."

"ஒரு இலை போட்டுப் பாரேன்."

கொட்டகை மூலையில் காய்ந்த ஓக் இலைகள் குவிந்து கிடந்தன. மழை படாத, மொறுமொறுப்பான இலைகள். கையை நீட்டினால் எட்டும்.

"எனக்கென்ன கண்ணு தெரியாதா? ஒண்ணுமே இல்ல. ஊத்துங்கண்ணே, குளிருது."

அவர் மெல்லத் தலையாட்டினார். குப்பியைத் திறந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை எட்ட நீட்டி, என் டப்பாவில் ஒரு மூடி ஊற்றினார்.

தண்ணீர் கொதித்தது. சாப்பிட்டேன். வெட்கத்தோடு சாப்பிட்டாலும் சூடு சூடுதான். குனிந்த தலை நிமிராமல் பாத்திரத்தை வழித்துத் தின்றேன்.

வயிறு நிறைந்த பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது.

என் மழைக்கோட்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவர் பக்கமாக இருந்த தோளிலிருந்து மட்டும்.

அவருக்கு அருகே உலர்த்தியிருந்த என் காலுறை காய்ந்து விறைத்திருந்தது. இந்தப் பக்கம் போட்ட இன்னொன்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு ஈ அவர் முழங்கையை நோக்கிப் பறந்தது. உட்காரவில்லை. பொத்தென்று விழுந்தது.

மயிர் பொசுங்கும் வாடை... விட்டு விட்டு வந்தது.

வெயில் நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். நிழல் வந்து தொடும் முன்னே ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டார். மறுபடி நிழல். மறுபடி ஒரு சாண்.

"இப்ப இருக்கா?" என்றார்.

"இல்லண்ணே."

"நிச்சயமா?"

"அட, இல்லங்கறேன்ல."

எரிச்சலோடுதான் சொன்னேன். வாங்கித் தின்ற வாயால் சொன்னேன்.

இருட்டும் முன் தண்ணீர் பிடித்து வந்துவிடலாம் என்று எழுந்தேன். ஊற்று கொட்டகைக்குப் பின்னால், கூப்பிடு தூரம். தண்ணீர்ப் பையை நிரப்பி, கழுத்தைத் திருகி மூடிக்கொண்டு திரும்பினேன். பை கனத்தது. கைக்குச் சில்லென்று இருந்தது.

சூரியன் எதிர் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மலையின் நிழல் புல்லைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

அவர் வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தார். கடைசி வெயில் அங்கே மட்டும்தான் இருந்தது. இனி நகர இடமில்லை.

நிழல் கல்லைத் தொட்டது.

அவர் காலணியைத் தொட்டது.

தொட்ட இடம் நீலமானது.

முதலில் எனக்குப் புரியவில்லை... நிழல் கணுக்காலுக்கு ஏறியது. நீலம் கணுக்காலுக்கு ஏறியது. நிழல் முழங்காலுக்கு. நீலம் முழங்காலுக்கு.

புதிதாக ஒன்றும் பற்றவில்லை.

அங்கே அது முன்பே எரிந்துகொண்டிருந்தது.

நான் வந்து சேர்ந்ததிலிருந்து... பக்கத்தில் உட்கார்ந்து தின்றபோதெல்லாம்...

இடுப்பு. மார்பு. விலக்கி வைத்த இரண்டு கைகள்.

சத்தமே இல்லை.

புகை இல்லை.

கழுத்துக்கு மேலே மட்டும் இன்னும் வெயில். அங்கே ஒரு மனித முகம். அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கோபம் இல்லை. குழம்பிப்போன குழந்தையின் முகம்.

"இல்லன்னு நீதான சொன்ன?"

நிழல் முகத்துக்கு ஏறியது.

ஓடினேன்.

மூட்டை, பாத்திரம், விளக்கு, அடுப்பு... எதையும் எடுக்கவில்லை. விழுந்தேன். எழுந்தேன். மரங்களில் மோதினேன். பின்னால் காலடி கேட்கவில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். மேலே மரங்களுக்கிடையில் நீலமாக ஒன்று... அசையாமல்... உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தது.

அது என்னைத் துரத்தவில்லை.

விடியும் நேரம் விடுதி வாசலில் வந்து விழுந்தேன். வெர்னாம்மா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். குனிந்து என் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தண்ணீர்ப் பை என் கையில் இருந்தது.

நிறைய. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல்.

எரிந்துகொண்டிருந்த ஒரு மனிதனுக்கு முன்னால் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதைத் தூக்கிக்கொண்டே ஓடி வந்திருக்கிறேன்.

பயம் காலையிலேயே போய்விட்டது. இதுதான் போகவில்லை.

தாழ்வாரத்தில் உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். மழையால் கிளம்பாமல் தங்கிவிட்ட ப்ரெண்டன் பிஸ்கட்டைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏ பூனைச்சோறு! கரடி துரத்துச்சா? எங்க உன் தகர அடுப்பு?"

"வாய மூடிக்கிட்டுத் தின்னு" என்றாள் வெர்னாம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "மஞ்சச் சட்டையா?"

தலையாட்டினேன்.

"ஊத்தச் சொன்னியா?"

அதற்கும் தலையாட்டினேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"சில வருசம் ஆச்சு. ஜூன் மாசம், உச்சி வெயில். கூட நடந்தவங்க மூணு பேரோட அங்க உக்காந்திருந்தான். அதுல ஒரு பொண்ணு, என் அடுப்பு அணைஞ்சிருச்சு, கொஞ்சம் ஊத்துன்னு கேட்டிருக்கா. இவன் ஊத்தினான். அணையல அது. குப்பியோட அவன்மேலதான் வந்துச்சு."

காபிக் குவளையைக் கீழே வைத்தேன்.

"அந்த வெயில்ல ஒருத்தர் கண்ணுக்கும் ஒண்ணும் தெரியல. அவன் துள்ளினான். எப்பவும் கோமாளித்தனம் பண்றவன். மூணு பேரும் சிரிச்சாங்க. என்மேல நெருப்பு இருக்கா பாருங்கன்னு கத்தினான். பாத்தாங்க. ஒண்ணும் இல்ல, நடிக்காத, உக்காருன்னுட்டாங்க. ஊத்துப் பக்கம் ஓடப்போனவன சட்டையப் புடிச்சு நிறுத்தப் போனப்பதான் ஒருத்தன் கை வெந்துச்சு. அதுக்குள்ள..."

அவள் மலைப் பக்கம் பார்த்தாள்.

ப்ரெண்டன் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

"நீ என்ன சொன்ன?" என்று என்னிடம் கேட்டாள்.

என் கண் கைப்பிடிமேல் இருந்த டப்பா அடுப்புகளில் நின்றது. முந்தாநாள் கண்காட்சி மாதிரி தெரிந்தவை.

"எல்லாம் விட்டுட்டு ஓடி வந்தவங்களோடது" என்றாள். "அப்பப்ப போயி எடுத்துட்டு வருவேன். நான் போறப்ப அவன் தெரியறதில்ல. எனக்கு அவன்கிட்ட கேக்க ஒண்ணும் இல்லையே."

"இவ்வளவு பேர்ல... இருக்குன்னு ஒருத்தர்கூடவா சொல்லல?"

"ஒருத்தரும் சொல்லல."

"ஏன்?"

வெர்னாம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நெருப்பு இருக்குன்னு சொன்னா அவன் ஊத்த மாட்டானே."

வெர்னாம்மா எழுந்து வண்டிச் சாவியை எடுத்தாள்.

"சரி, சாப்பிடு. வண்டி எடுக்கறேன். மலையச் சுத்திக்கிட்டுப் போயி அடுத்த ரோட்டுல இறக்கி விடறேன். எல்லாரும் அப்படித்தான் போவாங்க. அதுல ஒரு தப்பும் இல்ல."

நான் எழுந்தேன். இரவெல்லாம் தூக்கி வந்த தண்ணீரை மண்ணில் கொட்டினேன். குழாயடியில் பையை அலசி, விளிம்புவரை புதிதாகப் பிடித்தேன். தாழ்வார மூலையில் காற்று ஒதுக்கியிருந்த சருகுகளில் மொறுமொறுப்பானதாகப் பார்த்து ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"அடுப்புக்காகப் போறியா? விடு, நான் எடுத்துட்டு வரேன்" என்றாள் வெர்னாம்மா.

"அடுப்புக்காக இல்லம்மா."

"ஏய்," என்றான் ப்ரெண்டன். குரலில் கிண்டல் இல்லை. "வண்டி அந்தப் பக்கம் நிக்குது."

"தெரியும்."

படி இறங்கினேன். எப்போது முடிவெடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் என் விரல்களைப் பிரித்தபோதே எடுத்திருப்பேன் போல.

மேலே போய்ச் சேரும்போது உச்சி வெயிலாக இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இலைக்குத் தெரியும்.

ரோட்டைத் தாண்டி மரங்களுக்குள் நுழைந்தேன். பை கனத்தது.